கார்னெலா, ஆல்வினா?

டில்லரிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களை ஊர் ஒரு வாரம் வரைக்கும் விட்டுவைக்கும். அதற்குள் அவர்கள் எந்தச் சர்ச்சுக்குப் போகிறார்கள், யாருக்கு உறவு என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். பிறகு யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். கார்னெலா, ஆல்வினா? தெரியாது என்று சொன்னால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு பேரும் பிடிக்கும் என்று சொல்லிவிட்டால் போச்சு. நழுவுகிற ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மிசிசிப்பியில் பஞ்சுக் காட்டுக்கு நடுவில் கிடக்கிற ஊர். பெருமைப்பட்டுக்கொள்ள எங்கள் கறுப்பின மக்களின் கல்லூரி ஒன்று, அதன் பின்னால் ஒரு ஃபுட்பால் மைதானம். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஆட்டம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மைதானத்தில், அடுத்தடுத்து, பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓட இரண்டு பேர் வாய்த்தார்கள். கார்னெல் பீவி நெட்டையன். கால் தரையில் பட்டதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஓடுவான். அவன் படித்து முடித்துப் போனதும் வந்தவன் ஆல்வின் டிஸ்மூக். குட்டையன், மரக்கட்டை மாதிரி உடம்பு. இரண்டு மூன்று பேர் முதுகில் தொங்கினாலும் உதறாமல் அப்படியே இழுத்துக்கொண்டு போவான். இரண்டு பேரில் யார் பெரிய ஆள் என்பதில் ஊர் அன்றைக்கு இரண்டாகப் பிளந்தது. இன்றைக்கும் ஒட்டவில்லை. வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள். பஞ்சு ஆலை மூடிய பிறகு, இல்லைதான்.

இந்த வழக்குக்கு ஊர் ஒரு நீதிபதியையும் நியமித்து வைத்திருந்தது. அவர்தான் லெமுவேல் கிரேடி. ஊருக்கு லெம். இளசுகளுக்கு மிஸ்டர் லெம்.

பந்தை வாங்கி ஓடுகிறவனுக்கு முன்னால் ஒருவன் ஓடுவான். எதிரே பாய்ந்து வருகிறவனை மார்போடு மார்பாக மோதித் தள்ளி, பின்னால் வருகிறவனுக்கு வழி திறந்துவிடுவது அவன் வேலை. பந்து அவன் கைக்கு வராது. பேப்பரில் அவன் பெயரும் வராது. கழுத்து எலும்பு தேய்வது மட்டும்தான் மிச்சம். லெம் நாலு வருஷம் அந்த வேலையைச் செய்தார். முதல் இரண்டு வருஷம் கார்னெலுக்கு முன்னால், அடுத்த இரண்டு வருஷம் ஆல்வினுக்கு முன்னால். இரண்டு பேருக்கும் வழி திறந்த ஒரே ஆள் அவர். ஆகவே, யார் பெரியவன் என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று ஊர் தீர்மானித்தது.

இத்தனை புத்திசாலிகள் இருக்கிற ஊரில் ஒரு சின்ன விஷயம் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. முன்னால் ஓடுகிறவனுக்குப் பின்னால் வருகிறவன் தெரிய மாட்டான்.

லெம் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார். எதிரியின் இடுப்பைத் தேடுவார். மோதுவார். இருவரும் சேர்ந்து விழுவார்கள். மேலே இன்னும் இரண்டு பேர் விழுவார்கள். முகம் மண்ணில் அழுந்தியிருக்க, கழுத்தில் யாருடைய முட்டியோ ஏறியிருக்க, கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் சட்டென்று அடங்கினால் ஓடுகிறவன் பிடிபட்டுவிட்டான். சத்தம் ஏறிக்கொண்டே போனால் அவனும் போய்க்கொண்டே இருக்கிறான். லெம் எழுந்து கண்ணில் மண்ணைத் துடைத்துப் பார்க்கும்போது மைதானத்தின் மறுகோடியில் ஒரு கும்பல் கட்டிப் பிடித்துக் குதித்துக்கொண்டிருக்கும். அந்தக் கும்பலைத்தான் அவர் நாலு வருஷமும் பார்த்தார்.

ஆட்டத்தைப் படம் பிடித்துப் போட்டுக் காட்டுவார்களே என்று கேட்கலாம். காட்டினார்கள். ஆனால் கோச் பிரிம், மோதுகிறவர்களைத் தனியாக உட்கார வைத்துத்தான் காட்டுவார். மோதல் முடிந்த நொடியில் கருவியை நிறுத்திப் படத்தைப் பின்னால் ஓட்டுவார். "உன் இடது காலைப் பார்ரா. கால் எங்க கெடக்குது பார்." மறுபடி ஓட்டுவார், மறுபடி நிறுத்துவார். லெம் பார்த்த படங்களில் எல்லாம் கதை அவர் விழுந்தவுடன் முடிந்துவிடும். ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து கல்லூரிக் கிடங்கில் புகுந்தபோது அந்தப் படச்சுருள்கள் மொத்தமும் சேறாகிப் போயின. அதன் பிறகு ஊருக்கு மிஞ்சியது அவரவர் ஞாபகமும், லெம்மின் வாயும்தான்.

அவர் ஒன்றும் மறைக்கவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார். இம்ஜீனைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். கார்னெலா, ஆல்வினா?" என்றார்.

"ஐயா, நான் ரெண்டு பேர் ஓட்டத்தையும் பாத்ததே இல்லை. கீழ கெடந்தேன்" என்றார் லெம்.

மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பொண்ணு நல்ல இடத்துக்குத்தான் போகுது. வாயைக் கட்டத் தெரிஞ்ச பய" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அன்றைக்குச் சாயங்காலமே அது ஊருக்குள் பரவிவிட்டது. அப்புறம் லெம் எத்தனை தடவை அதையே சொன்னாலும் ஜனங்கள் கண்ணைச் சிமிட்டினார்கள். யாரையும் நோகடிக்க விரும்பாத பெரிய மனிதர் என்றார்கள். உண்மையைச் சொல்லிச் சொல்லியே ஒரு மனிதர் சாமர்த்தியசாலி என்று பெயர் வாங்கியது டில்லரியில் மட்டும்தான் நடக்கும். கடைசியில் அலுத்துப் போய்ச் சொல்வதையே நிறுத்திவிட்டார். கேட்டால் ஒரு சிரிப்பு. அதோடு சரி.

ஊர்த் தண்ணீர் இலாகாவில் குழாய் பழுது பார்க்கிற வேலை. ஓய்வு பெறும் வரையில் அதே வேலைதான். குளிர்காலத்தில் தெருக் குழாய் வெடித்து, இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டு சேற்றைத் தோண்டும்போதும் மேலே இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து கேட்பார்கள். "லெம்மு, எங்களுக்கு மட்டும் சொல்லேன்." இம்ஜீன் புற்றுநோயில் போனபோது, சவக்குழியிலிருந்து கார் வரைக்கும் கைத்தாங்கலாக அழைத்து வந்த, சர்ச்சில் ஊழியம் பார்க்கிற ஒரு டீக்கன்கூட, கார்க் கதவைச் சாத்துவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கி நின்றார். கேட்கவில்லை. ஆனால் கேட்க வந்தது லெம்முக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானங்களில் மிஸ் ஏர்லீனின் மீன் கடையில் மின்விசிறிக்கு அடியில் அவருக்கென்று ஒரு நாற்காலி. வறுத்த கெளுத்தி மீன், சோள மாவு உருண்டை, பல்லைக் கூசவைக்கிற இனிப்போடு குளிர்ந்த டீ. பக்கத்து நாற்காலி ஆல்வின் டிஸ்மூக்குடையது.

ஆல்வினின் கதை சொல்லக் கஷ்டமான கதை. கடைசி வருஷத்தில் முழங்கால் முறிந்தது. சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய குழுக்களிலிருந்து அவரைத் தேர்ந்தெடுக்க வருவதாக இருந்த ஆட்கள் வரவில்லை. மீன் பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோகிற லாரி ஓட்டினார். இரண்டு கல்யாணம், இரண்டும் தங்கவில்லை. இப்போது கையில் இருப்பது ஒரு பழைய டிரக், நொண்டுகிற கால், பாதி ஊரின் ஓட்டு. அந்த ஓட்டில்தான் மனிதர் உயிர் வாழ்ந்தார் என்றால் அது மிகையில்லை. ஆனால் ஒன்று, அந்தக் கேள்வியை அவர் ஒரு நாளும் லெம்மிடம் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு உதட்டோரம் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று லெம் யோசித்ததில்லை.

கார்னெல் வடக்கே போனவர். ஒரு பெரிய குழு அவரைக் கூப்பிட்டு, கோடைப் பயிற்சியில் வைத்திருந்து, முதல் ஆட்டத்துக்கு முன்பே கழற்றிவிட்டது. டெட்ராய்ட்டில் கார் ஆலையில் காலம் போனது. வயதான பிறகு ஊருக்குத் திரும்பியபோது ஞாபகம் உதிர ஆரம்பித்திருந்தது. இப்போது பக்கத்து ஊரில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இருந்தார். மகள் வெர்நெட்டா வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள்.

அவள்தான் ஒரு சனிக்கிழமை மீன் கடைக்குள் வந்து நின்றாள்.

"லெம் மாமா, கொஞ்சம் வெளிய வரீங்களா?"

லெம் கையைத் துடைத்துக்கொண்டு போனார். வலைக் கதவுக்கு வெளியேதான் நின்றார்கள். உள்ளே கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"அப்பாவுக்கு இப்போ என்னையே தெரியலை மாமா. அம்மா பேரைச் சொல்லித்தான் கூப்பிடறார். சாப்பாடு இறங்கலை. டாக்டர் ரொம்ப நாள் இல்லைன்னுட்டார்." உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பக் கேக்கறார். 'லெம் என்ன சொன்னான்? லெம் என்ன சொன்னான்?' காலையில கண்ணு முழிச்சதும் அதுதான், தூங்கப்போறப்பவும் அதுதான். நான் என்னத்தைச் சொல்வேன்? நீங்க வந்து சொல்லிடுங்க மாமா. அவர்தான்னு சொல்லிடுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அவர் நிம்மதியாப் போகணும்."

"வரேம்மா" என்றார் லெம்.

உள்ளே திரும்பி வந்தபோது அத்தனை முகமும் அவர் பக்கம் இருந்தது.

"அப்பாடா" என்றாள் மிஸ் ஏர்லீன், அடுப்புக்குப் பின்னாலிருந்து. "நான் கண்ணை மூடறதுக்குள்ள இந்த ஆளு வாயைத் திறக்கப்போறாரு."

மூலையில் இருந்த டீக்கன் டாலிவர் ஆல்வின் கட்சி. "சாகக் கெடக்கறவனுக்காகச் சொன்னா அது செல்லாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

"ஓய் டீக்கன், உன் தட்டுல இருக்கிறதைப் பாத்துத் தின்னு. தொண்டையில முள்ளு மாட்டினா உன் தீர்ப்பும் செல்லாது" என்றாள் மிஸ் ஏர்லீன்.

கடை சிரித்தது. ஆல்வின் சிரிக்கவில்லை. லெம்முக்கு மீன் இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருந்தவரின் காதில் பாட்டு ஏறவில்லை. கார்னெல் என்று சொன்னால் அன்று மாலைக்குள் டில்லரி முழுக்கத் தெரிந்துவிடும். ஆல்வினிடம் மிச்சமிருக்கிற ஒரே பொருளைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். ஆல்வின் என்று சொல்ல மனிதப் பிறவிக்கு மனம் வராது, அங்கே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். உள்ளதைச் சொல்லலாம் என்றால் அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. ஒரு மனிதன் தன் கடைசி மூச்சைப் பிடித்துவைத்துக்கொண்டு உன் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்போது, நான் உன்னைப் பார்க்கவே இல்லையடா என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் வாசலில் டிரக் வந்து நின்றது. ஆல்வின் இறங்கவில்லை. கையை நீட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு. நானும் வரேன்."

டிரக் ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த காடு, ஓரங்களில் சிக்கிக் கிடந்த பஞ்சுத் துணுக்குகள்.

"அவன்தான்னு சொல்லிடு லெம்மு" என்றார் ஆல்வின். "என்னைப் பத்தி யோசிக்காதே. டாலிவர் மாதிரி ஆளுங்க கத்துவாங்க, கத்தட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"என்ன இருக்கு? நீ மனசுல யாரை வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும்ல. இத்தனை வருஷமா என் பக்கத்துலதானே உக்காந்து திங்கறே. நீ வாயைத் திறந்து சொல்லணும்னு நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? எனக்குத் தெரியும். அது போதும் எனக்கு."

உதட்டோரச் சிரிப்பின் அர்த்தம் லெம்முக்கு அப்போதுதான் புரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம். இருந்திருக்கலாம். ஆனால் ஒருவன் தன்னிடம் இல்லாத சொத்தை இருப்பதாக நினைத்து அதிலிருந்து தானம் செய்யும்போது பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"ஆல்வின், நான் யாரையும் வச்சுக்கலை. நான் உன்னைப் பாத்ததே இல்லை."

"ஊருக்குச் சொல்றதை எங்கிட்டயும் சொல்றியா?"

"ஊருக்கும் அதுதான் நெஜம், உனக்கும் அதுதான். நீ என் பின்னால வந்தே. நான் கீழ விழுந்தேன். நீ எப்படி ஓடுவேன்னு எனக்குத் தெரியாதுடா. அவன் எப்படி ஓடுவான்னும் தெரியாது."

ஆல்வின் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். "ஒரு ஓட்டமாவது?" என்றார்.

"ஒண்ணுகூட இல்லை."

ஆல்வினின் முகம் சுண்டிப் போயிருந்தது. திடீரென்று ரொம்பக் கிழவராகத் தெரிந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று லெம் தன்னையே நொந்துகொண்டார். ஒருத்தருக்கு நிம்மதி கொடுக்கப் புறப்பட்டு வழியிலேயே இன்னொருத்தருக்கு இருந்ததையும் கெடுத்தாயிற்று.

இல்லத்தில் கார்னெலின் அறை கடைக்கோடியில் இருந்தது. அவரை ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்புவரை கம்பளி போர்த்தியிருந்தார்கள். அவ்வளவு நீளமான மனிதர் எப்படி இவ்வளவு சின்னதாக மடங்கினார் என்று லெம் நின்று பார்த்தார். வெர்நெட்டா எழுந்து இடம் விட்டாள். ஆல்வின் உள்ளே வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரமே நின்றார்.

"அப்பா, யார் வந்திருக்கா பாருங்க."

கார்னெல் லெம்மை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி கொண்டாந்தியா?"

வெர்நெட்டா கோப்பையை லெம் கையில் கொடுத்தாள். லெம் குடிக்க வைத்தார். நாலு வாய் குடித்துவிட்டு, வாயைத் துடைக்கக்கூட விடாமல், கார்னெல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"லெம் என்ன சொன்னான்?"

லெம் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது. "நீதான்னு சொன்னான். ஆல்வினைவிட நீதான்..."

"ஐயே." கார்னெல் கையை உதறினார். "அதை யாருய்யா கேட்டா? ஓட்டத்தைப் பத்திக் கேக்கறேன். அந்த ஓட்டத்தைப் பத்தி லெம் என்ன சொன்னான்? அவன் பாக்கலைல்ல. பாவம், அவன் எங்க பாப்பான்? கீழ கெடப்பான், வாயெல்லாம் மண்ணு. நான்தான் திரும்பி வந்து அவனுக்குச் சொல்லணும். சொன்னேனா இல்லையா? எனக்குத் தெரியலை."

வெர்நெட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரே சேர்ந்து ஒரு கிழவனின் கேள்வியைத் தன் கேள்வியாக்கிக்கொண்டிருந்தது. யார் பெரியவன் என்பதைத் தவிர வேறு எதையும் ஒருவன் கேட்கக்கூடும் என்று டில்லரியில் யாருக்கும் தோன்றவில்லை. அது போகட்டும். லெம்மை உலுக்கியது வேறு. தான் பார்க்கவில்லை என்பது இந்த உலகத்தில் ஒருத்தருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து, இத்தனை காலம் அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் லெம்தான் கார்னெல். நீ சொல்லலை. இப்போ சொல்லு."

கார்னெல் நம்பினாரோ இல்லையோ, சொல்ல ஆரம்பித்தார். நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் கம்பளியைப் பிசைந்தார். மழை, என்றார். மைதானம் முழுக்கச் சேறு. பந்தை வாங்கியதும் வலது பக்கம் போனேன். எதிரே தங்கப் பல்லுக்காரன் வந்தான், காட்டெருமை மாதிரி. லெம் போய் அவனை இடித்தான் பார், அந்தச் சத்தம் மேலே பெஞ்சு வரைக்கும் கேட்டது. சந்து கிடைத்தது, புகுந்துவிட்டேன். ஒருத்தன் காலைப் பிடித்தான். உதறினேன். ஷூ அவன் கையோடு போய்விட்டது. "ஒத்தை ஷூ. இன்னொரு கால்ல வெறும் சாக்ஸ். வழுக்குது. ரெண்டு பேரு முதுகுல தொங்கறானுங்க. விடலை. போய்க்கிட்டே இருக்கேன். பேண்டு அடிக்கிறவன்லாம் அடிக்கிறதை விட்டுட்டு எழுந்து நிக்கறான்..."

லெம்முக்கு ஓட்டங்கள் தெரியாது, மோதல்கள் தெரியும். தங்கப் பல்லுக்காரனை அவர் தோள் இன்னும் மறக்கவில்லை. எதிர்க் கல்லூரியில் அவன் வந்து சேர்ந்ததே கார்னெல் படிப்பை முடித்துப் போன பிறகுதான். ஷூவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது யாருடைய ஷூ என்று தெரியாத குழந்தைகூட டில்லரியில் கிடையாது. ஆல்வின் கட்சிக்காரர்களின் முதல் சாட்சியே அந்த ஷூதான். இது கார்னெலின் ஓட்டம் இல்லை. ஆல்வின் ஓடியது.

லெம் திரும்பிப் பார்த்தார். ஆல்வின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பி கீழே விழுந்து கிடந்தது, எடுக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். அது நான் என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு லெம்மைப் பார்த்து, திருத்தாதே என்பது போல மெல்லத் தலையை ஆட்டினார்.

"லெம் என்ன சொன்னான்?" கார்னெலின் பிடி மணிக்கட்டில் இறுகியது. "நல்லாருந்துதுன்னானா?"

"அந்த மாதிரி ஒரு ஓட்டம் டில்லரி மண்ணுல வேற யாரும் ஓடினது இல்லைன்னு சொன்னான்" என்றார் லெம்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொன்னது பொய்யில்லை என்றும் அவருக்குத் தோன்றியது.

கார்னெலின் முகம் தளர்ந்தது. பிடியும் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே, "அந்த ஷூ கெடச்சுதா?" என்று கேட்டார்.

"கெடச்சுது" என்றார் ஆல்வின், கதவோரத்திலிருந்து. "பத்திரமா இருக்கு. கவலைப்படாதே."

அவர் தூங்கிய பிறகு கிளம்பினார்கள். வெர்நெட்டா வெளியே வந்து லெம்மைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது யாருடைய ஓட்டம் என்று தெரியவில்லை. டெட்ராய்ட்டில் பிறந்த பெண். ஒருவரும் அவளிடம் சொல்லவும் இல்லை.

டிரக்கில் ஏறி உட்கார்ந்த ஆல்வின் சாவியைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு முன் கண்ணாடி வழியாக எங்கேயோ பார்த்தார்.

"அன்னிக்கு அவன் வந்திருந்தான் லெம்மு" என்றார். "வடக்க கழட்டிவிட்ட வருஷம் அது. பழைய மாணவர்லாம் வர்ற ஆட்டம்ல, அதான் வந்திருக்கான். பேண்டுக்கு அந்தப் பக்கம் தனியா உக்காந்திருந்தான், மழையில நனைஞ்சுக்கிட்டு. ஆட்டம் முடிஞ்சதும் தேடினேன். எனக்கு அவன் வாயால ஒரு வார்த்தை கேக்கணும். அதுக்குள்ள பஸ் ஏறிட்டான்."

லெம் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பொறாமை பிடிச்ச பய, பாக்காமலே போயிட்டான்னு இத்தனை காலமா திட்டிக்கிட்டு இருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்தப்பகூட போய்ப் பாக்கலை. அவன் பாத்திருக்கான். ஒண்ணு விடாம பாத்திருக்கான். அந்தக் காலு எப்படி வழுக்குச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு லெம்மு." குரல் உடைந்தது. "அவன் எவ்வளவு ஓடியிருக்கான். அம்புட்டும் போச்சு. பெத்த பொண்ணு பேரு போச்சு. கடைசி வரைக்கும் கையில பிடிச்சு வச்சிருக்கிறது என்னோடதை."

அவர் அழுதார். முழங்கால் முறிந்தபோதும், இரண்டு மனைவிகள் போனபோதும் அழாத மனிதர், சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். லெம் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கும் அழுகை வந்தது.

ஊருக்குள் இதைச் சொன்னால் ஐம்பது வருஷத்து வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். கார்னெலே தன் வாயால் சொன்ன தீர்ப்பு. அதற்கு மேல் எந்தக் கட்சிக்காரனும் பேச முடியாது. ஆல்வின் தலை நிமிர்ந்து நடக்கலாம். லெம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை கேப்பாங்க" என்றார் லெம். "நான் சொல்றேன் ஆல்வின். இங்க நடந்தது அத்தனையும் சொல்றேன். நான் பாக்கலைன்னா என்ன, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆல்வின் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார். "சொல்லிட்டா அது என்னோடதா ஆயிடும். அவனுக்கு வேற ஒண்ணும் இல்லை லெம்மு. அவனே எடுத்துட்டுப் போகட்டும்."

பிறகு சாவியைத் திருப்பினார்.